நர்சிங் படிப்பு: கம்யூனிட்டி கல்லூரியா, தனியார் கல்லூரியா?

கேள்வி: கிரீன் கார்டு பெற்றுக் கலிபோர்னியாவில் வசிக்கிறேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்திருக்கிறேன். மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால் நர்சிங் படிக்க விரும்புகிறேன். கம்யூனிட்டி கல்லூரியில் இடம் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். தனியார் கல்லூரி ஒன்று உடனே சேரலாம் என்கிறது. ஆனால் மொத்தச் செலவு ஒரு லட்சம் டாலருக்கு மேல். எதில் சேர்வது?

பதில்: உங்கள் நிலையில், குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டுப் படிப்புகளை நடத்தும் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி கல்லூரியே என் பரிந்துரை. அங்கே இரண்டாண்டு அசோசியேட் பட்டம் பெற்றவரும், பெருந்தொகை கட்டி நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவரும் எழுதுவது என்கிளெக்ஸ் ஆர்என் என்ற ஒரே தேர்வைத்தான். இருவருக்கும் கிடைப்பது பதிவுபெற்ற செவிலியர் என்ற ஒரே உரிமம்தான்.

கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்குக் கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (பாட அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். எழுபது யூனிட் படித்தாலும் 3,220 டாலர்தான் ஆகும். புத்தகம், சீருடை, தடுப்பூசி, பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவற்றுக்குத் தனியே செலவாகும். இதில் பலரும் அறியாத ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்கள் கூட்டாட்சி அரசின் பெல் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றாலும், ஏற்கெனவே இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு, அது இந்தியாவில் பெற்ற பட்டமாக இருந்தாலும், அந்த உதவித்தொகை கிடையாது. ஆகவே தனியார் கல்லூரி அலுவலர் ‘நிதியுதவி’ என்று சொன்னால், அது பெரும்பாலும் நீங்கள் வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாகவே இருக்கும்.

காத்திருப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. 2024இல் அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியரின் இடைநிலை ஆண்டு வருமானம் 93,600 டாலர். கலிபோர்னியாவில் அதைவிட மிக அதிகம். ஆகவே ஓராண்டு முன்னதாக வேலைக்குப் போவதற்கு உண்மையிலேயே பெரிய மதிப்பு உண்டு. ஆனால் ‘உடனே சேரலாம்’ என்பதால் அந்த ஓராண்டு மிச்சமாகிறதா என்று பாருங்கள். எங்கே சேர்ந்தாலும், நர்சிங் பாடங்களைத் தொடங்கும் முன் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகிய முன்பாடங்களை ஆய்வகப் பயிற்சியோடு, பெரும்பாலும் அமெரிக்காவிலேயே, படித்தாக வேண்டும். அவற்றையே தனியார் கல்லூரிகள் பலவும் முதல் செமஸ்டர்களில் கற்பித்துப் பன்மடங்கு கட்டணம் வாங்குகின்றன. நீங்கள் அவற்றை இந்தப் பருவத்திலேயே அருகிலுள்ள கம்யூனிட்டி கல்லூரியில் தொடங்கிவிட்டால், காத்திருக்கும் காலத்தின் பெரும்பகுதி படிப்பிலேயே கழிந்துவிடும். அதோடு இந்தியப் பட்டத்தை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் மதிப்பீடு செய்துகொண்டால், பொதுக்கல்விப் பாடங்கள் சிலவற்றிலிருந்து விலக்குக் கிடைக்கக்கூடும்.

சேர்க்கை முறை கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். சில கல்லூரிகள் குலுக்கல் நடத்துகின்றன. சில, மதிப்பெண், டீஸ் நுழைவுத் தேர்வு, முந்தைய பட்டம், மருத்துவத் துறை அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளி தருகின்றன. ஆங்கிலம் அல்லாத மொழித்திறனுக்கும் அந்த முறையில் புள்ளி உண்டு என்பதால், தமிழுக்கு எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று ஆலோசகரிடம் கேளுங்கள். ஏற்கெனவே பட்டம் உள்ள உங்களைப் போன்றவர்களுக்காகக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகங்கள் சிலவற்றில் நடக்கும் விரைவு இளநிலை நர்சிங் படிப்புக்கும் விண்ணப்பியுங்கள். அதற்கான முன்பாடங்களும் பெரும்பாலும் மேலே சொன்னவைதான்.

அசோசியேட் பட்டத்துக்கு ஒரு குறை உண்டு. பெருநகர மருத்துவமனைகள் பல, புதியவர்களை எடுக்கும்போது நர்சிங் இளநிலைப் பட்டத்தையே விரும்புகின்றன. நியூயார்க் மாநிலத்தில் 2017இல் இயற்றப்பட்ட சட்டப்படி, உரிமம் பெற்ற பத்து ஆண்டுகளுக்குள் அந்தப் பட்டத்தை முடித்தாக வேண்டும். கலிபோர்னியாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. உரிமம் பெற்று வேலை செய்துகொண்டே, ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டில் இணையவழியில் பட்டத்தை முடித்துவிடலாம். அதற்கு உதவும் மருத்துவமனைகளும் உண்டு.

எந்தக் கல்லூரியானாலும் மாநிலச் செவிலியர் வாரியத்தின் ஒப்புதல் இல்லையென்றால் தேர்வே எழுத முடியாது. முதல் முறை எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் தேறினார்கள் என்பதை வாரியம் கல்லூரிவாரியாகத் தன் தளத்தில் வெளியிடுகிறது. 75 விழுக்காடு அங்கே குறைந்தபட்ச வரம்பு. ஓராண்டை மட்டும் பார்க்காமல் ஐந்தாண்டுப் போக்கைப் பாருங்கள். நர்சிங் படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்புகளான ஏசென் அல்லது சிசிஎன்இயின் அங்கீகாரமும் அவசியம். அது இல்லாவிட்டால் முதுநிலைப் படிப்பிலும், முன்னாள் படைவீரர் மருத்துவமனை வேலைகளிலும் சிக்கல் வரும். 2023 ஜனவரியில் புளோரிடாவின் மூன்று நர்சிங் பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்களை விற்றது அம்பலமானது; அவற்றை வாங்கி வேலைக்குச் சேர்ந்த பலர் பின்னர் உரிமத்தையே இழந்தார்கள். குறுக்குவழி காட்டும் எவரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

முன்பாடங்களை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்து, இரண்டு சுற்று விண்ணப்பித்தும் இடம் கிடைக்கவில்லையென்றால் தனியார் கல்லூரியை யோசிக்கலாம். அப்போதும் லாபநோக்கற்ற பல்கலைக்கழகங்களையே முதலில் பாருங்கள். மொத்தச் செலவு எவ்வளவு, மருத்துவமனைப் பயிற்சிக்கு இடம் ஏற்பாடு செய்வது யார், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், உங்கள் யூனிட்டுகளை மாநிலப் பல்கலைக்கழகம் ஏற்குமா ஆகிய நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.