கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீல்

கேள்வி: நியூ ஜெர்சியில் நூற்றைம்பது பேர் வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். வயது 34, எச்-1பி வேலை விசா. ஜனவரியில், நான் கருவுற்றிருப்பதை மேலாளரிடம் சொன்னேன். வாழ்த்துச் சொன்னார். பிப்ரவரியில் என் கையிலிருந்த முக்கியமான வேலை இன்னொருவருக்குப் போனது. மார்ச்சில் முதன்முறையாக மோசமான மதிப்பீடு. ஏப்ரலில் ‘உங்கள் பதவியே நீக்கப்படுகிறது’ என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து அதே வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. எட்டு வாரச் சம்பளம் தருகிறோம், வழக்குப் போட மாட்டேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்று ஒரு பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். மேலாளரும் தமிழர்தான். ‘விசாவை வைத்துக்கொண்டு வழக்கா?’ என்கிறார் கணவர். தெரிந்த விசா வக்கீல் ஒருவர், இதையும் தானே பார்த்துத் தருவதாகச் சொல்கிறார். எப்படிப்பட்ட வக்கீலைத் தேடுவது? எவ்வளவு செலவாகும்?
— பெயர் வேண்டாம், எடிசன்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதினேன்: கையெழுத்துப் போடாதீர்கள், வக்கீலிடம் காட்ட இரண்டு வாரம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள் என்று பதில் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை, சட்டம் வைத்த கெடு அல்ல, எச்.ஆர். வைத்த கெடு. நாற்பது வயதானவராக இருந்தால், வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை யோசிக்கக் குறைந்தது 21 நாளும், கையெழுத்திட்ட பின் மனம் மாற 7 நாளும் மத்தியச் சட்டமே தருகிறது. 34 வயதுக்கு அந்தக் காப்பு இல்லை. அதனால்தான் அன்று அவ்வளவு அவசரப்பட்டேன்.

இனி நிதானமாகப் பேசலாம். நான் வக்கீல் அல்ல. பணியாளர்களுக்காக மட்டும் வாதாடும் ஒரு சிறிய சட்ட அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகள், முதல் தொலைபேசி அழைப்பை எடுத்துக் குறிப்பெழுதும் வேலை பார்த்தவள். எந்த அழைப்பு உள்ளறைக்குப் போகும், எது வாசலிலேயே நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். வக்கீலைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் என்று நினைக்கிறீர்கள். பாதித் தேர்வு அந்தப் பக்கத்தில் நடக்கிறது. வென்றால்தான் பணம் என்று வேலை செய்கிறவர், வருகிற வழக்கையெல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டார்.

அழைப்பவர்களில் பலர் ‘எங்கள் மேலாளர் மிகவும் கெட்டவர்’ என்று தொடங்கி நாற்பது நிமிடம் அழுவார்கள். கேட்க மனம் கனக்கும். ஆனால் கெட்ட மேலாளருக்கு எதிராக நியூ ஜெர்சியில் சட்டம் எதுவும் கிடையாது. தனியார் வேலையில் காரணமே சொல்லாமல் ஒருவரை அனுப்பலாம். சட்டம் தடுத்த காரணத்துக்காக மட்டும் அனுப்பக் கூடாது. கர்ப்பம் அப்படித் தடுக்கப்பட்ட காரணம். 1964-ஆம் ஆண்டு மத்தியக் குடிமை உரிமைச் சட்டத்தில் ‘பாலினம்’ என்ற சொல் இருந்தும், கர்ப்பம் அதற்குள் வராது என்று 1976-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வரும் என்றது. நியூ ஜெர்சியின் பாகுபாட்டுத் தடைச் சட்டம் இன்னும் பழையது, 1945-ஐச் சேர்ந்தது. 2014-இல் அதிலும் கர்ப்பத்தை வெளிப்படையாகச் சேர்த்தார்கள்.

ஆகவே வக்கீல் காது கொடுப்பது கண்ணீருக்கு அல்ல, தேதிகளுக்கு. உங்கள் கடிதத்தில் அவை வரிசையாக நிற்கின்றன: சொன்ன நாள், வேலை பறிபோன நாள், மதிப்பீடு, நீக்கம், விளம்பரம். அந்த விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். ‘பதவியே இல்லை’ என்றவர்கள் அதே பதவிக்கு ஆள் தேடுவது, நீங்கள் சொல்லும் கதையின் முதுகெலும்பு.

இதையெல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். ஒரு தாள்தான், இருபது பக்கம் வேண்டாம். தேதி, என்ன நடந்தது, யார் இருந்தார்கள். உங்களோடு அன்று வேறு யாரும் அனுப்பப்பட்டார்களா, உங்கள் வேலை யாரிடம் போனது, முந்தைய மூன்று ஆண்டு மதிப்பீடுகள் எப்படி இருந்தன என்பவையும் அதில் வரட்டும். கூடவே வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட கடிதத்தையும் எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் தனியார் நடுவரிடம் போக வேண்டும் என்ற நிபந்தனை அதில் ஒளிந்திருக்கலாம். இருந்தால் வழக்கின் போக்கே மாறும். வக்கீலுக்கு அது முதல் நாளே தெரிய வேண்டும்.

அலுவலக ஆவணங்கள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கையில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாததை அள்ளப் போகாதீர்கள். 2010-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், பணியாளர் எடுத்த ரகசிய ஆவணங்களைப் பாகுபாட்டு வழக்கில் பயன்படுத்தலாமா என்பதற்குப் பல அளவுகோல்களை வைத்தது. எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத தராசு அது. 2015-இல், தன் வழக்குக்காக அலுவலகக் கோப்புகளை எடுத்த ஒரு பணியாளர்மீது போடப்பட்ட கிரிமினல் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்ய அதே நீதிமன்றம் மறுத்தது. தோழியிடம் சொல்லி உள்ளிருந்து எதையாவது அனுப்பச் சொல்வதும் வேண்டாம். அவள் வேலையும் போகும். வக்கீலோடு பேசுவதற்கு அலுவலக மடிக்கணினியைத் தொடாதீர்கள். இதே மாநிலத்தில் ஒரு பெண் நிறுவனக் கணினியில் தன் சொந்த மின்னஞ்சலைத் திறந்து வக்கீலுக்கு எழுதினார். நிறுவனம் அந்தக் கடிதங்களைத் தோண்டி எடுத்தது. அவை ரகசியமே என்று 2010-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நின்றது சரி, அதற்காக அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததே!

இப்போது அந்த விசா வக்கீல். நல்லவராகவே இருப்பார், உங்கள் திருமணத்துக்குக்கூட வந்திருப்பார். வேண்டாம். விசாவும் வேலைப் பாகுபாடும் வெவ்வேறு உலகங்கள்; பல் டாக்டரிடம் கண்ணைக் காட்டுவோமா? அதைவிட முக்கியம்: உங்கள் எச்-1பி மனுவைப் போட்டவரும் இவர்தானா என்று பாருங்கள். அப்படியானால் நிறுவனம் அவருடைய கட்சிக்காரர். உங்கள் மனக்குறையை அவரிடம் கொட்டுவது, எதிராளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திட்டம் போடுவதற்குச் சமம்.

வேலைச் சட்ட வக்கீல்களிலும் இரண்டு சாதி உண்டு (நம் ஊர்ப் பொருளில் சொல்லவில்லை). நிறுவனங்களுக்காக வாதாடுகிறவர்கள் ஒரு பக்கம், பணியாளர்களுக்காக வாதாடுகிறவர்கள் மறுபக்கம். இருவருமே தங்களை ‘எம்ப்ளாய்மென்ட் அட்டர்னி’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். ‘உங்கள் கட்சிக்காரர்களில் பணியாளர்கள் எத்தனை பேர், நிறுவனங்கள் எத்தனை?’ என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். பணியாளர் தரப்பு வக்கீல்களுக்கென்றே தேசிய அளவில் ‘நேலா’ என்ற சங்கம் இருக்கிறது, நியூ ஜெர்சிக் கிளையும் உண்டு. அதன் பட்டியலிலிருந்து தொடங்கலாம். மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களிலும் பரிந்துரைச் சேவை உண்டு. பெயர் கிடைத்ததும் நியூ ஜெர்சி நீதிமன்றங்களின் இணையதளத்தில் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மூன்று பேரிடமாவது பேசுங்கள். ‘உங்கள் வழக்கு நிச்சயம் பத்து லட்சம் டாலர் பெறும்’ என்று முதல் சந்திப்பிலேயே சொல்பவரிடமிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். வழக்கின் பலவீனம் என்ன என்று கேட்டால், ‘மார்ச் மதிப்பீட்டுக்கு அவர்கள் என்ன காரணம் காட்டுவார்கள் என்று தெரிய வேண்டும்’ என்பது போல எதையாவது சொல்கிறவர் உங்கள் தாளைப் படித்திருக்கிறார்.

செலவுக்கு வருகிறேன். முதல் ஆலோசனைக்குச் சிலர் கட்டணம் வாங்குவார்கள், சிலர் வாங்க மாட்டார்கள். செவரன்ஸ் பத்திரத்தை (அந்த எட்டு வாரச் சம்பளப் பத்திரத்தை) படித்து, கூடுதல் கேட்டுப் பேசித்தர மட்டும் என்றால் மணிக்கணக்கிலோ ஒரே தொகையாகவோ கேட்கலாம். வழக்கு என்றால் பெரும்பாலும் கிடைப்பதில் பங்கு: மூன்றில் ஒன்று முதல் நாற்பது சதவீதம் வரை சாதாரணம். இதில் எல்லோரும் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். மனுக் கட்டணம், சாட்சி விசாரணையின் எழுத்துப்படி, நிபுணர் கூலி ஆகியவற்றைத் தோற்றால் யார் தருவது? பங்கு பிரிப்பது அந்தச் செலவைக் கழிக்கும் முன்பா, பின்பா? நீங்கள் வென்றால், வக்கீல் கட்டணத்தை நிறுவனமே தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட முடியும். அந்தப் பணம் உங்கள் கணக்கில் எப்படிச் சேரும்? நடுவில் வக்கீலை மாற்றினால் என்ன ஆகும்?

இதை ஏன் இப்படி நோண்டுகிறேன் என்றால், 2020-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்துக்கு இப்படியே ஒரு தகராறு போயிற்று. பள்ளியில் மகன் துன்புறுத்தப்பட்டதற்காக ஒரு தாய் இதே பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட வக்கீல் வைத்தார். மணிக்கணக்குக் கட்டணம், கிடைப்பதில் சதவீதம், சட்டப்படி எதிர்த்தரப்பு தரும் கட்டணம் என்ற மூன்றில் எது அதிகமோ அதைத் தர வேண்டும் என்று ஒப்பந்தம். தோற்றாலும் மணிக்கணக்கில் கடன் ஏறும் என்பது அந்தத் தாய்க்கு விளங்கும்படி சொல்லப்படவில்லை என்று கண்ட நீதிமன்றம், அந்த ஒப்பந்தம் செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கையெழுத்திடும் முன், ‘ஒரு காசும் கிடைக்காவிட்டால் நான் உங்களுக்கு எவ்வளவு தர வேண்டும்?’ என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தோற்றால் நிறுவனத்தின் வக்கீல் கட்டணமும் நம் தலையில் விழுமா என்று கணவர் கேட்பார். அடிப்படையே இல்லாத வழக்காக இருந்தால்தான் அது வரும். உங்களுடையது அப்படிப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

காலக் கெடு மட்டும் பொல்லாதது. மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் தர நியூ ஜெர்சியில் 300 நாள். மாநிலக் குடிமை உரிமைப் பிரிவில் 180 நாள். மாநிலச் சட்டப்படி நேரடியாக நீதிமன்றம் போக இரண்டு ஆண்டு. மத்திய ஆணையம் ‘வழக்குத் தொடரலாம்’ என்று கடிதம் தந்தால் அதிலிருந்து 90 நாள்தான். முதல் மூன்று கெடுக்களையும் கடைசிச் சம்பள நாளிலிருந்து அல்ல, நீக்கம் என்று உங்களிடம் சொன்ன நாளிலிருந்தே எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு. மத்தியச் சட்டத்தில் உங்கள் அளவு நிறுவனத்துக்கு மன உளைச்சல் இழப்பீடும் தண்டனை இழப்பீடும் சேர்ந்து ஒரு லட்சம் டாலரைத் தாண்ட முடியாது. இழந்த சம்பளம் தனி. மாநிலச் சட்டத்தில் அந்த உச்சவரம்பு இல்லை. அதனால் இங்குள்ள வக்கீல்கள் பலர் மாநிலச் சட்டத்தையே விரும்புகிறார்கள்.

விசாவைப் பற்றிய பயம் நியாயமானது, ஆனால் இடம் மாறி நிற்கிறது. புகார் கொடுத்ததால் விசா போகாது. இந்தச் சட்டங்கள் குடியுரிமை பார்ப்பதில்லை. உங்கள் உண்மையான நெருக்கடி, வேலை போனபின் நாட்டில் தங்க உள்ள 60 நாள் வரையிலான அவகாசம். எட்டு வாரச் சம்பளம் வந்தாலும் அந்த 60 நாள் நீளாது. கணவரும் எச்-1பி-யில் இருந்தால் அதற்குள் எச்-4-க்கு (துணைவருக்கான விசா) மாற மனுப் போடலாம். இந்த ஒரு வேலைக்கு உங்கள் விசா நண்பரைக் கூப்பிடுங்கள் (நிறுவனத்தின் ஆளாக இல்லையென்றால்). மூன்று ஆண்டு நீதிமன்றப் படியேற வேண்டுமே என்பதற்கும் பதில் இருக்கிறது: இத்தகைய விவகாரங்களில் பெரும்பாலானவை ஜூரி முன் போகாமலே பேசித் தீர்கின்றன. வக்கீலின் ஒரு கடிதத்துக்கே எட்டு வாரம் கூடிய கதைகளை நான் கோப்பில் போட்டிருக்கிறேன். கூடாத கதைகளையும்தான்.

மேலாளர் தமிழர் என்பதைப் பற்றி நீங்கள் நான்கு வரி எழுதி அடித்திருந்தீர்கள். அவர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் மார்ச் மதிப்பீட்டை எழுதும்போது அவருக்கு அந்தக் கொலு நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. சட்டத்துக்கு அவர் எந்த மொழி பேசுகிறார் என்பது பொருட்டே அல்ல. தமிழ்ச் சங்கத்தில் யாரிடமும் இதைப் பேசாதீர்கள். கூச்சத்துக்காக அல்ல, நாளை அவர்களும் சாட்சிக்கு அழைக்கப்படலாம் என்பதற்காக.

கடைசியாக, அந்த ஒரு தாளுக்கு நான் கேட்காமல் விட்ட ஒன்று: பிரசவத் தேதி. அதை மேலேயே எழுதுங்கள். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போகும். உங்கள் அளவு நிறுவனத்தில் கோப்ரா என்ற மத்தியச் சட்டத்தின் மூலம் 18 மாதம் அதைத் தொடரலாம், முடிவு செய்ய 60 நாள் உண்டு. ஆனால் முழு பிரீமியமும், அதன்மேல் இரண்டு சதவீதம் வரையும் உங்கள் கையிலிருந்து போகும். பேச்சுவார்த்தையில் குழந்தை பிறந்து சில மாதம் வரை அந்த பிரீமியத்தை நிறுவனம் கட்டட்டும் என்று வக்கீல் கேட்கலாம். பணத்தைக் கூட்டித் தர மறுக்கும் நிறுவனங்கள் இதற்குச் சம்மதித்து நான் பார்த்திருக்கிறேன்.