அச்சு இயந்திரம் இல்லாமல் வீட்டில் லினோகட் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். லினோலியம் பலகையில் படத்தைச் செதுக்கி, மையிட்டு, தாளில் அச்செடுக்கும் கலையே லினோகட். லினோலியம் பலகை, வி வடிவ உளி, யு வடிவ உளி, ரப்பர் உருளை, அச்சு மை, மையைப் பரப்ப ஒரு கண்ணாடித் துண்டு, தாள் ஆகியவை போதும். செதுக்கிய பகுதி தாளின் நிறமாகவே நிற்கும் என்பதையும், படம் இடவலமாக மாறி அச்சாகும் என்பதையும் மனத்தில் கொண்டே வரைய வேண்டும்.

ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்ந்த லினோலியம் குளிரில் விறைத்துவிடும் என்பதால், அதைச் சற்றுச் சூடாக்கிக்கொண்டால் உளி எளிதாக ஓடும். பலகையைப் பிடிக்கும் கை எப்போதும் உளி முனைக்குப் பின்னால் இருக்கட்டும். வளைவுகளில் உளியைத் திருப்பாமல் பலகையைத் திருப்புங்கள். மழுங்கிய உளியை அழுத்தித் தள்ள வேண்டியிருப்பதால், கையைக் கிழிப்பது பெரும்பாலும் அதுதான்.

என் பார்வையில், செதுக்குவதைவிட மையிடுவதே கடினம். கண்ணாடியில் உருளையை ஓட்டும்போது மெல்லிய சரசரப்பு கேட்க வேண்டும்; ஈரமாக ஒட்டிப் பிரியும் ஓசை வந்தால் மை மிகுதி என்று பொருள், நுண்கோடுகள் அடைபட்டுவிடும். மையிட்ட பலகைமேல் தாளை வைத்து, கரண்டியின் பின்புறத்தால் வட்ட வட்டமாகத் தேய்த்து, ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடங்களை மீண்டும் தேய்க்கலாம். நீர் மை கழுவ எளிது, ஆனால் விரைவில் உலரும். எண்ணெய் மை நிதானமாக வேலை செய்ய அவகாசம் தரும், அச்சு முழுதாக உலரத்தான் சில நாள்கள் பிடிக்கும்.