தோரின் ஆடு வெள்ளவத்தைக்கு வருமா?

கேள்வி: தரம் 3 படிக்கும் மகளுக்கும் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளுக்கும் கதை எழுதிப் பார்க்கிறேன். பழைய ஐரோப்பிய ‘பேகன்’ தெய்வக் கதைகளை எடுக்க ஆசை. எதை எடுப்பது? வகுப்பில் சைவ, இஸ்லாமிய, கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். பெற்றோர் கோபிப்பார்களோ? (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: முதலில் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். பேகன் என்றால் நமக்கு மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல்தான். ஐரோப்பியர் சொல்லும் ‘பேகன்’ நாட்டுப்புறத்தான் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்து, பிறகு கிறிஸ்தவர் அல்லாதவரைக் குறித்தது. தமிழில் அதற்கு ‘அஞ்ஞானி’ என்று எழுதிய காலமும் உண்டு. அந்தக் கணக்கில் நம் பாட்டன்மாரும் அடக்கம்! ‘கிரேக்கர் கதை’, ‘வடதேசத்தார் கதை’ (நோர்வே, ஐஸ்லாந்துப் பக்கத்து மக்கள்) என்றால் போதும்.

அடுத்து, தெய்வத்தின் பெயரைப் பார்த்துக் கதையைத் தேடாதீர்கள். அந்தக் கதையைப் பிறப்பித்த பயமோ ஆசையோ உங்கள் மகளுக்குத் தெரிந்ததா என்று பாருங்கள். டிசம்பரில் சூரியன் திரும்பி வருவதைக் கொண்டாடும் யூல் பண்டிகையை எல்லாரும் ஆசையாக எடுப்பார்கள். ஆனால் கொழும்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. நீண்ட இருட்டில் கிடந்து ஏங்காத பிள்ளைக்கு வெளிச்சம் வந்த சந்தோஷம் எப்படிப் புரியும்? மாதுளை முத்துகளைத் தின்றதால் பாதாளத்திலிருந்து முழுதாக மீள முடியாத கிரேக்கப் பெண் தெய்வம் பெர்செபனியின் கதையும் அருமைதான், ஆனால் அது பெண்ணைத் தூக்கிப்போன கதை. இரண்டு மூன்று வருஷம் போகட்டும்.

இடி என்றால் வேறு. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடிக்குப் பயந்து அம்மாவை ஒட்டிக்கொள்ளாத பிள்ளை இங்கே ஏது? வடதேசத்தாருக்கு இடி என்பது தோர் என்ற இடித் தெய்வத்தின் வண்டி ஓடும் சத்தம். வண்டியை இழுப்பவை இரண்டு கிடாய்கள். ஒரு இரவு ஏழைக் குடியானவன் வீட்டில் தங்கும் தோர், அந்தக் கிடாய்களையே அறுத்து எல்லாருக்கும் விருந்து வைக்கிறார். ஒரே நிபந்தனை: எலும்பை உடைக்காமல் தோலின் மேல் போட வேண்டும். வீட்டுப் பையன் தியால்வி நல்லிக்கு ஆசைப்பட்டுத் தொடையெலும்பைப் பிளந்துவிடுகிறான். காலையில் தோர் சுத்தியலை உயர்த்த, கிடாய்கள் உயிரோடு எழும்புகின்றன. ஒன்று நொண்டுகிறது.

நல்லி உறிஞ்சிய பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை. (சைவச் சாப்பாட்டு வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் வெள்ளிக்கிழமை வாசிக்காதீர்கள்.) நொண்டல் மட்டும் இருக்கட்டும், அதைச் சரியாக்கிவிட்டால் கதையே போச்சு.

பெற்றோர் விஷயம். கதை கேட்பதற்கு யாரும் கோபிப்பதை நான் கண்டதில்லை. விளக்கேற்றி, படையல் வைத்து நடித்துக் காட்டினால்தான் சண்டை வரும். அதைத் தவிருங்கள். ‘பொய்ச் சாமி’ என்றும் எழுத வேண்டாம். ஐஸ்லாந்தில் இந்தத் தெய்வங்களை இன்றும் வணங்குகிறார்கள்; 1973இல் அரசே அதை ஒரு சமயமாக ஏற்றது. ‘அந்த மக்கள் இப்படிச் சொன்னார்கள்’ என்று தொடங்கினால் எல்லா வீட்டுக்கும் சரி.

பிள்ளைகள் ‘அப்புறம்?’ என்று கேட்டால் இரண்டாம் கதையும் கையில் இருக்கிறது. எலும்பை உடைத்த குற்றத்துக்காகத் தியால்வி தோரோடு போகிறான். மகா ஓட்டக்காரன். அரக்கர் கோட்டையில் ஒரு சின்னப் பையனோடு மூன்று தரம் ஓடி மூன்று தரமும் தோற்கிறான். அந்தப் பையன் யாரென்று கடைசியில்தான் தெரியும்: கோட்டை அரக்கனுடைய நினைப்புத்தான் பையனாக வந்து ஓடியது.