எந்தப் பொருத்தம் இல்லை?

ஐயா, வணக்கம். முரண், ஒவ்வாமை, பொருத்தமின்மை மூன்றும் ஒன்றா? அக்காவின் ஜாதகம் இந்த வாரமும் 'பொருத்தம் இல்லை' என்று திரும்பி வந்தது. 'இவ நட்சத்திரம் அப்படி' என்று அம்மா அழுகிறார். அப்போது எழுந்த சந்தேகம் இது.
- வாசகி, ஈரோடு

அன்புள்ள தங்கைக்கு,

கருத்துக்கு முரண், உடம்புக்கு ஒவ்வாமை. மிச்சத்தை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு உங்கள் அக்காவைப் பற்றித்தான் பேச வேண்டும்.

என் சின்ன அத்தைக்கு விசாகம். கொழுந்தனுக்கு ஆகாதாம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி தாத்தா ஜாதகத்தைக் கொடுத்தனுப்புவார். போன மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். பிரித்தே பார்க்காத ஜாதகத்தில் எந்த ஜோசியர் பொருத்தம் பார்த்தார்? தம்பியே இல்லாத மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் இதே பதில்தான். அத்தை கறுப்பு, தாத்தாவிடம் நகை போடக் காசில்லை. அதைச் சொல்ல வாய் வராமல் நட்சத்திரத்தின் மேல் பழியைப் போட்டார்கள். அத்தை அதை நம்பினாள். அப்புறம் எந்த நிச்சயதார்த்தத்திலும் அவள் தட்டைத் தொட்டதில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் தலைவன் தலைவிக்குப் பத்து ஒப்புகள் சொல்கிறது: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, நிறுத்த காம வாயில் (ஒருவர்மேல் ஒருவருக்கு எழும் அன்பு), நிறை, அருள், உணர்வு, திரு (செல்வம்). ஒன்றுகூட நட்சத்திரம் இல்லை. பிறப்பையும் செல்வத்தையும் அங்கே வைத்ததை நான் ஏற்கமாட்டேன். ஆனால் வேண்டியதை வெளிப்படையாகக் கேட்டிருக்கிறார்கள். அருளும் உணர்வும் ஒத்திருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். இன்று ஜோசியர்கள் பார்க்கும் தினம், கணம், யோனி, ரஜ்ஜு, வேதை என்ற பொருத்தங்கள் எதிலாவது அருள் உண்டா? அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று அறிய ஒரு கேள்வி உண்டா?

'மனசு நோகாமல் மறுக்க ஒரு வார்த்தை வேண்டாமா' என்பார்கள். யார் மனசு? சொல்பவருக்கு நோகவில்லை, அவ்வளவுதான். 'எங்களுக்கு இன்னும் நகை வேண்டும்' என்று சொல்லியிருந்தால் அத்தை ஒருநாள் கோபப்பட்டுவிட்டு எழுந்திருப்பாள்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். அக்கா அங்கே உட்கார்ந்திருக்க, நீங்கள் மூன்று சொல்லுக்கு வித்தியாசம் கேட்டு எழுதுகிறீர்கள்! தரகருக்குப் போன் போடுங்கள். எந்தப் பொருத்தம் இல்லை, ரஜ்ஜுவா வேதையா, பார்த்த ஜோசியர் யார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதை அப்படியே அக்காவிடம் சொல்லிவிடுங்கள். சரி, அது முடியாவிட்டாலும் அக்கா காதுபட நட்சத்திரத்தைப் பற்றி யாரையும் பேச விடாதீர்கள், முக்கியமாக அம்மாவை.