உளவு விமானிக்கு நாடி பார்க்க ஆசைப்படும் மகள்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ பயாலஜி குரூப்பில் படிக்கும் மகள், உளவு விமானம் ஓட்டுகிறவர்களுக்கு டாக்டராக வேண்டும் என்கிறாள். அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா, ரகசிய வேலை என்றால் பெற்றவர்களிடம்கூடச் சொல்லாமல் எங்கோ போய்விடுவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: பாட்டிக்கு தினமும் பிரஷர் பார்த்து நோட்டில் குறித்துவைப்பது அவள்தான் என்று. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 1955இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், குரூம் லேக் என்ற இடத்தில், யு-2 விமானம் முதல்முறை பறந்தது. அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வுக்காக லாக்ஹீட் நிறுவனம் கட்டிய உளவு விமானம் அது. 70,000 அடி உயரத்தில், ஒரே ஆள், எட்டு மணி நேரம்கூடப் பறப்பார். கிட்டத்தட்ட 63,000 அடியை ஆம்ஸ்ட்ராங் எல்லை என்பார்கள். அதற்கு மேல் காற்றழுத்தம் எவ்வளவு குறைவு என்றால், நம் உடம்புச் சூடான 37 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். விமானி அறையில் ஓட்டை விழுந்து, உடம்பைக் காக்கும் உடையும் இல்லையென்றால், நாக்கில் இருக்கும் எச்சில் கொதிக்கும், சில விநாடிகளில் நினைவு போய்விடும். அதனால்தான் அந்த விமானிகளுக்கு பிரஷர் சூட். அதைத் தைத்துக்கொடுத்த டேவிட் கிளார்க் நிறுவனம் பெண்களுக்கான உள்ளாடை தயாரித்து வந்த நிறுவனம். உடம்பை இறுக்கிப் பிடிக்கிற துணியைப் பற்றி அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

உடை மட்டும் போதாது. கோலி சோடாவில் கோலியைத் தட்டி உள்ளே தள்ளியதும் நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் சட்டென்று குறைந்தால் நம் ரத்தத்திலும் சதையிலும் கரைந்திருக்கும் நைட்ரஜன் அதே மாதிரி குமிழிவிடும். மூட்டில் வந்தால் வலி, மூளையில் வந்தால் குழப்பம், மயக்கம். அதற்காகப் புறப்படுவதற்கு முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் விமானி சுத்தமான ஆக்சிஜனை மட்டும் சுவாசித்து, உடம்பிலிருக்கும் நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். கலிபோர்னியாவில் உள்ள பீல் விமானப்படைத் தளத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. விமானிக்கு உடை மாட்டிவிடுவதே அவர்கள்தான். ஹெல்மெட்டைப் பூட்டியபின் மூக்கு அரித்தால் அவரால் சொறிய முடியாது. கையில் சிறு பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, அதிலிருந்து வரும் குழாய் வழியே சுவாசித்தபடிதான் விமானம் வரை நடப்பார். நடுவில் வெளிக்காற்றை இழுத்துவிட்டால் அந்த ஆக்சிஜன் சுவாசிப்பை மறுபடி தொடங்க வேண்டியதுதான். இருக்கையில் அமர்த்தி, வார் இழுத்து, ஒவ்வொரு குழாயையும் பொருத்திச் சரிபார்ப்பதும் அந்தக் கைகள்தான்.

இப்படிக் கவனிக்க வேண்டிய சின்ன விஷயங்கள் நிறைய. சாப்பாடு பற்பசை டியூப் மாதிரி ஒன்றில் இருக்கும், ஹெல்மெட்டில் உள்ள துளை வழியே பிதுக்கிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் சிறுநீருக்கு வழியே செய்திருக்கவில்லை. பறக்கும் முன் ரப்பர் குழாய் செருகித்தான் அனுப்பினார்கள். விமானிகள் பட்ட அவஸ்தையைப் பார்த்து, சில மாதங்களிலேயே அதை மாற்றினார்கள். ஒரு பயணம் முடிந்து இறங்கும்போது ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வரை எடை குறைந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மகளிடமும் மறைக்காதீர்கள். எதிரியிடம் சிக்கினால் விழுங்குவதற்கு சயனைடு குப்பி ஒன்று அந்த விமானிகளுக்குக் கொடுக்கப்பட்டது, வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். 1956 டிசம்பரில், எலுமிச்சை மிட்டாய் வைத்திருந்த அதே பையில் ஒருவர் அந்தக் குப்பியையும் போட்டுவிட்டார். விமானி மிட்டாய் என்று நினைத்து வாயில் வைத்து, சுவை இல்லையே என்று துப்பியதால் பிழைத்தார். அதன்பிறகே அதைப் பெட்டிக்குள் வைக்க உத்தரவு வந்தது. எந்தப் பையில் எதை வைக்கிறோம் என்பதில்கூட ஒரு உயிர் இருக்கிறது.

இப்போது பாட்டிக்கு வருகிறேன். இந்த வேலையில் டாக்டர் எதிர்கொள்ளும் பெரிய சிக்கல், நோயாளி உண்மையைச் சொல்ல மாட்டார் என்பதுதான். சாதாரண நோயாளி வலியைக் கூட்டிச் சொல்வார், விமானி குறைத்துச் சொல்வார், அல்லது சொல்லவே மாட்டார். சொன்னால் பறக்க விடமாட்டார்கள். 1960 ஆகஸ்ட் 16 அன்று ஜோ கிட்டிங்கர் என்ற அமெரிக்க விமானப்படை அதிகாரி பலூனில் 1,02,800 அடிக்குப் போய் அங்கிருந்து குதித்தார். உயரத்தில் விமானத்தைவிட்டு வெளியேற நேர்ந்தால் விமானி பிழைப்பாரா என்று பார்க்கும் சோதனை அது. ஏறும்போதே வலது கையுறையில் அழுத்தம் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கை வீங்கத் தொடங்கியது. கீழே சொன்னால் இறக்கிவிடுவார்கள் என்று உச்சி வரை வாயைத் திறக்கவில்லை. தரையிறங்கிய பிறகு கை பழைய நிலைக்கு வந்தது. அவருடைய அதிர்ஷ்டம் அது.

யு-2 விமானிகளிடமும் இதே கதைதான். பெயர் கேட்காமல் நடத்திய கருத்துக்கணிப்பு ஒன்றில் நான்கில் மூன்று பேர் தங்கள் பணிக்காலத்தில் நைட்ரஜன் குமிழி நோயின் அறிகுறிகள் வந்ததாகச் சொன்னார்கள். அந்த விமான அறைக்குள் இருந்த அழுத்தம் ஏறக்குறைய 29,000 அடியில் இருப்பது போன்றது, அதாவது எவரெஸ்ட் உச்சியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் வேலை பார்ப்பது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது அவர்களில் பலருக்கு மூளையின் வெள்ளைப் பகுதியில் சிறு புள்ளிகள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. கடைசியில் விமானத்தையே திருத்தி, அறைக்குள் அழுத்தத்தை 15,000 அடி அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து. வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு டாக்டரை நம்பியிருந்தால் எவ்வளவு சீக்கிரம் நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

அதனால் இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளிடம் நான் மதிப்பெண்ணுக்கு முன்னால் கேட்பது, உன்னிடம் ஒருவர் பொய் சொன்னால் கோபப்படாமல் கண்டுபிடிக்க முடியுமா, கண்டுபிடித்த பிறகும் அவர் உன்னிடம் பேசுவாரா என்பதைத்தான்.

சரி, உங்கள் பயம். அமெரிக்க உளவுத் திட்டங்களில் வேலை பார்க்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், அந்தக் கதவை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். நம் விமானப்படையிலும் 1981 முதல் 2006 வரை மிக்-25 உளவு விமானங்கள் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் இருந்தன, அவையும் பிரஷர் சூட் போட்டுப் பறந்த விமானங்கள்தான். ஆனால் டாக்டர்கள் ரகசியமாக மறைந்து வாழ்வதில்லை. விமானம் எங்கே போகிறது என்பது ரகசியம். விமானியின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறவர் மற்ற ராணுவ டாக்டர்களைப் போலக் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் இருப்பார், லீவில் ஊருக்கு வருவார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும், அதற்குத்தான் நீங்கள் மனதைத் தயார் செய்ய வேண்டும்.

பெண்ணுக்கு இது சரிப்படுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏர் மார்ஷல் பத்மா பந்தோபாத்யாய் என்று ஒருவர். திருப்பதியில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைக் கவனித்துக்கொண்டவர். 1968இல் விமானப்படையில் சேர்ந்தார், விமான மருத்துவத்தில் நிபுணரானார், விமானப்படையின் முதல் பெண் ஏர் மார்ஷல் ஆனார். 2020இல் பத்மஸ்ரீ. மகளிடம் இவரைப் பற்றித் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

வழி இதுதான். நீட் எழுத வேண்டும். புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கிடைத்தால் நல்லது. நீட் மதிப்பெண்ணோடு அவர்களே ஒரு தேர்வும் நேர்காணலும் உடல் பரிசோதனையும் வைப்பார்கள். பெண்களுக்கு இடம் குறைவு, போட்டி கடுமை. படித்து முடித்ததும் ராணுவத்தில் பணியாற்றுவேன் என்று சேரும்போதே பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும், அதை நீங்களும் உட்கார்ந்து வரி விடாமல் படியுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் நம் ஊர் மருத்துவக் கல்லூரியிலேயே எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, குறுகிய காலப் பணிக்கு நேர்காணல் மூலம் சேரலாம். தரைப்படையா, கடற்படையா, விமானப்படையா என்பது முழுக்க நம் கையில் இல்லை. சேர்ந்த உடனே விமானிகள் வரிசையில் நிற்கவும் மாட்டார்கள். முதல் சில வருடங்கள் காய்ச்சலும் தடுப்பூசியும்தான் பார்க்க வேண்டியிருக்கும். அப்புறம்தான் பெங்களூரில் 1957இல் தொடங்கிய விமான மருத்துவ நிறுவனம், அங்கே ஏரோஸ்பேஸ் மெடிசினில் எம்.டி. விண்வெளிக்குப் போன முதல் இந்தியர் ராகேஷ் சர்மாவைப் பரிசோதித்ததும், இந்தியா மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான விமானிகளைத் தேர்ந்தெடுக்கப் பரிசோதித்ததும் அந்த இடம்தான்.

நீட் கை கொடுக்காவிட்டாலும் இந்தத் துறை மூடிவிடாது. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்தால் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் டெபெல் ஆய்வகம் பெங்களூரில் இருக்கிறது. 2025 மார்ச்சில் தேஜஸ் விமானத்தில் 50,000 அடியில் சோதித்த ஆக்சிஜன் கருவி அவர்கள் உருவாக்கியது. ஆனால் பிளஸ் டூவில் கணக்கு இல்லாமல் இன்ஜினியரிங் சேர்வது சிரமம், உங்கள் மகளின் குரூப்பில் கணக்கு இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். உணவுத் தொழில்நுட்பம் பிடிக்கும் என்றால் மைசூரில் பாதுகாப்புத் துறையின் உணவு ஆய்வகம் இருக்கிறது.

இப்போதைக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். பாட்டியின் பிரஷர் நோட்டை அவள் தொடரட்டும். எண்ணுக்குப் பக்கத்தில், பாட்டி மாத்திரை போட்டேன் என்று சொன்னாரா, அட்டையில் மாத்திரை குறைந்திருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பாட்டியைத் திட்டக்கூடாது. அடுத்த மாதம் நீங்கள் இருவரும் வரும்போது நோட்டையும் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் அவள் பாட்டியிடம் என்ன பேசினாள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.