ஆர்த்தூர் எக்கெர்ட் இயற்பியலாளரா, கணிதவியலாளரா?

ஆக்ஸ்ஃபோர்டு கணிதத் துறையில் இருப்பவரை ஏன் குவாண்டம் இயற்பியலாளர் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் இரண்டும்தான்.

1961இல் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் பிறந்தார். கிராக்கோவில் படித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்காக ஆக்ஸ்ஃபோர்டு போனார். அங்கேதான் திருப்பம். ஐன்ஸ்டைனும் வேறு இருவரும் 1935இல் எழுதிய கட்டுரை ஒன்று, ஒரு துகளைத் துளியும் தொந்தரவு செய்யாமல் அதன் ஒரு பண்பின் மதிப்பை முன்கூட்டியே சொல்ல முடிந்தால், அந்தப் பண்பு நிஜமாகவே அங்கே இருக்கிறது என்கிறது. எல்லோரும் அதைத் தத்துவமாகப் படித்தார்கள். எக்கெர்ட்டுக்கோ, "தொந்தரவு செய்யாமல் தெரிந்துகொள்வது என்றால் அது ஒட்டுக்கேட்பதுதானே!" என்று பட்டது. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இது.

அந்த எண்ணம் 1991இல் ஆய்வுக் கட்டுரையானது. எவ்வளவு தள்ளி இருந்தாலும் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று இணைந்தே வரும் பின்னிப்பிணைந்த ஃபோட்டான் (ஒளித்துகள்) ஜோடியில் ஆளுக்கு ஒன்றை இருவர் வைத்துக்கொண்டு, வெவ்வேறு கோணங்களில் அளக்கிறார்கள். முடிவுகளை ஒப்பிட்டு ஓர் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். ஜோடி கெடாமல் வந்திருந்தால் அந்த எண் ஏறத்தாழ 2.83. நடுவில் ஒருவர் எல்லாவற்றையும் அளந்து பார்த்திருந்தால் 2ஐத் தாண்டாது. 2.83 வந்தால், மீதி அளவீடுகளே இருவருக்கும் ரகசியச் சாவி, அதாவது செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் ரகசிய எண்வரிசை. எண்ணைப் பார்த்தே ஒற்றனைப் பிடித்துவிடலாம்!

அப்புறம் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவி, 2007இல் சிங்கப்பூர் குவாண்டம் தொழில்நுட்ப மையத்தின் முதல் இயக்குநர், 2016இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 2022இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகம் ஒன்று, இரண்டு மீட்டர் இடைவெளியில் வைத்த அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்களை)க் கொண்டு, கருவியின் உள்ளமைப்பையே நம்பத் தேவையில்லாத ரகசியச் சாவியை உருவாக்கிக் காட்டியது. அதன் வேர் அந்த 1991 கட்டுரைதான்.