பிறவிக் கண்புரையை மெதுவாக எடுத்தால் ஆகாதா?

"ஒரு மாதக் குழந்தைக்கு ஒரு கண்ணில் புரை. நடக்க ஆரம்பித்த பிறகு ஆபரேஷன் செய்தால் ஆகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போடாதீங்க.

கண் வாசல்தான், பார்ப்பது மூளையின் பின்பக்கத்திலுள்ள பார்வைப் புறணி. அங்கே இரண்டு கண்களின் நரம்புகளும் இடத்துக்குப் போட்டி போடுகின்றன. மின்துடிப்பு ஒழுங்காக வரும் இணைப்பு பலப்படும், வராதது தளரும். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் பாருங்கள்: ஓடுகிற மடை அகலும், அடைபட்டது புல் மண்டித் தூர்ந்துபோகும்.

1960களில் ஹ்யூபெல், வீசல் என்ற இரண்டு மூளை ஆய்வாளர்கள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைச் சில மாதம் தைத்து மூடினார்கள். திறந்தபோது கண் நன்றாகவே இருந்தது. ஆனால் புறணி செல்கள் ஏறக்குறைய எல்லாமே மற்றக் கண்ணுக்கு மட்டும் துடித்தன. வளர்ந்த பூனைக்கு அப்படி ஆகவில்லை. 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

புரையும் தைத்த இமை மாதிரி கண்ணை மறைக்கிறது. அதனால்தான் ஒரு கண் புரையைப் பிறந்த ஆறு வாரத்தை ஒட்டியே எடுக்கச் சொல்கிறார்கள். அப்புறம் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ போட்டு, நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் தினமும் டாக்டர் சொல்கிற நேரம் மூட வேண்டும். கோபியில் என் அக்கா மகள் அந்த ஒட்டுத்துணியைப் பிய்த்துப் பிய்த்து எறிவாள். அக்கா அதில் ஸ்கெட்ச் பேனாவால் கிளி வரைந்து ஒட்டினாள். பிறகு குழந்தையே கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டாள்.